கடலுக்கு முதுகு காட்டிய பள்ளிக்கூடம்

நம் வயதுக்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான். என் மகளுக்குக் கல்லூரி விடுதியில் அறை பார்க்கப் போனபோது அவள் கட்டிலைப் பார்த்தாள், குளியலறையைப் பார்த்தாள். நான் சுவர்களைச் சுற்றி வந்தேன். காற்று ஒரு பக்கம் நுழைந்தால் இன்னொரு பக்கம் வெளியே போகுமா, அவசரம் என்றால் எந்த வழியாக ஓடலாம் என்று பார்த்தேன். வார்டன் அம்மா என்னை வாஸ்து பார்க்கிறவள் என்று நினைத்துக்கொண்டார். நானும் இல்லை என்று சொல்லவில்லை. அந்த மரியாதையை எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

உங்களில் சிலருக்குக் காரணம் தெரியும். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில், பெரிய ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த மீனவக் குப்பங்களில் நாம் வளர்ந்தோம். வீடு கட்டி விளையாட மணல் இருந்தது, மற்றபடி எதுவும் அதிகமாக இல்லை. இப்போது நாற்பதைத் தாண்டி, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டோம். மறப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். சுனாமி என்ற சொல்லே நம் காதில் விழாத காலம் அது. சுனாமி வருவதற்கு எட்டுப் பத்து வருஷம் முன்னால், எங்கள் குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள்.

அந்த நாளில் காற்று எங்கிருந்து வருகிறது என்பதை மூக்காலேயே சொல்லிவிடுவோம். வடக்கிலிருந்து வந்தால் அனல்மின் நிலையத்துச் சாம்பல், காயப்போட்ட துணியிலும் கருவாட்டிலும் மெல்லிசாகப் படிந்திருக்கும். மணலிப் பக்கமிருந்து வந்தால் அழுகிய முட்டை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு நேர் எதிரே இருந்த கம்பெனியின் வாடை வேறு மாதிரி. அது மூக்குக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியும். சோறு தின்றுகொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் கட்டும். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. உரத்துக்கு ஏதோ மருந்து என்பார்கள். மதிலுக்கு மேலே பெரிய வெள்ளை டாங்கிகள் தெரியும். மதிலோரம் ஒரு வேப்பமரம் நின்றது. எங்களைப் பார்த்த பக்கம் பச்சையாக இருக்கும், டாங்கியைப் பார்த்த பக்கம் எந்த மாதத்திலும் இலை இருக்காது. அதைப் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தோம். யாரும் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதாக நினைவில்லை.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். அவன் காலத்தில் குப்பத்துக்குள் ஓர் ஓலைக் கொட்டகையில் பாடம் நடந்தது. நாலு பக்கமும் திறந்த கொட்டகை, முன்னால் கடல். நைனாவின், அதாவது அப்பாவின், மீன்பிடி போட்டு தண்ணீரில் இறங்குவதைப் பார்த்துவிட்டால் அவன் சிலேட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிவிடுவான். ஒருநாள் அப்படி ஓடினவன் திரும்பவில்லை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் அலை போட்டைக் கவிழ்த்தது. நைனாவும் கூடப் போனவர்களும் நீந்திக் கரையேறினார்கள். அண்ணனை மறுநாள் வேறொரு குப்பத்துக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அம்மா நைனாவைக் குற்றம் சொல்லவில்லை. அலையையும் சொல்லவில்லை. கொட்டகையைச் சொன்னாள். கடல் தெரியாத இடத்தில் உட்கார வைத்திருந்தால் என் பிள்ளை உட்கார்ந்திருப்பான் என்றாள். துக்கத்தில் பேசுகிறாள், ஆறிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆறவில்லை. அடுத்த புயலில் கொட்டகை பறந்தபோது குப்பமே வருத்தப்பட்டது, அம்மா மட்டும் அன்றைக்கு ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

மிச்சமிருந்தது நானும் தம்பியும். நான் பெண், என்னைப் பற்றி அந்தக் கவலை கிடையாது. தம்பியைப் பற்றித்தான் எல்லாம். எங்கள் குடிசைக்குக் கடல் பக்கம் ஒரு வாசல் இருந்தது. அம்மா அதில் சாக்கை வைத்துத் தைத்து அடைத்தாள். நைனா ஈர வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி ரோட்டுப் பக்கத்து வாசலுக்கு வருவார். அம்மா மீன்கூடையோடு தண்டையார்பேட்டை மார்க்கெட்டுக்குப் போகும்போது தம்பியையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவாள். மீன் விற்கிற இடத்தில் பலகைக்கு அடியில் சாக்கு விரித்து அவன் தூங்குவான். அவன் தலைமுடியில் எப்போதும் மீன் செதில் ஒட்டியிருக்கும். நான் நகத்தால் சுரண்டி எடுப்பேன்.

தம்பி கடலுக்குப் போகக் கூடாது. அம்மாவுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவள் தம்பி, அதாவது என் மாமா, எதிர்க் கம்பெனியில் கான்ட்ராக்ட் வாட்ச்மேனாக இருந்தார். காக்கிச் சட்டை, மாதச் சம்பளம். துணி துவைக்கிற நாளில் அந்தச் சட்டையை அம்மா தன் கையால் வாங்கித் துவைத்துக் கொடுப்பாள். காயும்போது தம்பியைக் கூப்பிட்டுக் காட்டுவாள். மாமாவுக்கு அப்போதே ஓர் இருமல் உண்டு. பீடியால் வந்தது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். மாமா பீடி குடித்து நான் பார்த்ததில்லை.

கொட்டகை போனபிறகு எங்கள் பிள்ளைகள் ரோட்டைக் கடந்துதான் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம் போக வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வால் முடியாமல் போய்க்கொண்டே இருக்கும் ரோடு. ஒரு பையனுக்குக் கால் போனது. அதற்குப் பிறகு பாதிப் பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள். வெளிநாட்டுப் பணம். ஏழை ஜனங்கள் இருக்கிற இடமாகத் தேடிப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுப்பது அவர்கள் வேலை. அவர்கள் சார்பில் இங்கே நின்று கட்டியவர் நகரத்துக்குள்ளிருந்து ஸ்கூட்டியில் வரும் ஓர் இளம் இன்ஜினியர். பெண். வெயிலில் முகம் சிவந்துபோகும், மணலில் செருப்பு புதையும், ஆனால் தினம் வருவார். நாங்கள் அவரை இன்ஜினியர் அக்கா என்போம்.

கோயிலுக்கு முன்னால் மணலில் ஊர்க் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் உட்கார, பெண்கள் பின்னால் நிற்க, நடுவில் ஊர்த் தலைவர். இன்ஜினியர் அக்கா முதலில் போட்டோக்களைக் காட்டினார். ஆப்பிரிக்காவில் மசாய் என்கிற ஜனங்களுக்கு அதே அறக்கட்டளை கட்டிய பள்ளிக்கூடம். உயரமான மனிதர்கள், சிவப்புத் துணி போர்த்தியிருந்தார்கள். மாடு மேய்ப்பதுதான் பிழைப்பு என்றார் அக்கா. நமக்குக் கடல் எப்படியோ அவர்களுக்கு மாடு அப்படி. பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாக வெளியே மேயும் மாடுகள் தெரிந்தன. பிள்ளைகள் எங்களைப் போலவே கறுப்பாக, பல் தெரியச் சிரித்தார்கள். போட்டோ கை மாறி மாறி வந்தது. அதை நான் வெகுநேரம் வைத்துக்கொண்டேன், யாரோ பிடுங்கிக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி முகம் எனக்கு நினைவிருக்கிறது. அவளுக்கு இப்போது என் வயதுதான் இருக்கும்.

அங்கே கட்டியது போலவே இங்கேயும் கட்டலாம் என்றார் அக்கா. மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தொட்டி. கூரையில் சூரிய வெளிச்சத்தில் விளக்கெரிக்கும் தகடு. கரண்டு நின்றாலும் பள்ளிக்கூடம் நிற்காது. பணம் வருவது நின்றாலும் நிற்கக் கூடாது என்பதற்காக, கோயிலுக்குப் பங்கு எடுத்து வைப்பது மாதிரி ஒவ்வொரு போட்டும் பிடித்த மீனில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டும். அதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பங்கு வைப்பது நம் ஆட்களுக்குப் புதிது இல்லையே. பிறகு அக்கா வரைபடத்தை விரித்தார். ரோட்டுப் பக்கம் கதவு, அதன் இரண்டு புறமும் காற்று நுழைய ஓட்டைக்கல் வைத்த சுவர். கடல் பக்கம் அகலமான கதவு, பெரிய பெரிய ஜன்னல்கள். மின்விசிறியே வேண்டாம், ஒரு பக்கம் வருகிற காற்று மறுபக்கம் போய்விடும் என்றார்.

எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தபோது அம்மா பெண்கள் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். ஊர்க் கூட்டத்தில் பெண் பேசுவது வழக்கம் இல்லை.

"மேடம், அந்த போட்டோவுல ஜன்னலாண்ட மாடு மேயுதே. அந்தப் புள்ளைங்க பாடத்த பாக்குமா, மாட்ட பாக்குமா?"

சிலர் சிரித்தார்கள். அக்காவும் சிரித்து, இரண்டையும் பார்க்கும் என்றார்.

"எங்க மாடு வேற மேடம். அது புள்ளைங்கள முழுங்கிடும்" என்றாள் அம்மா.

கடல் பக்கம் கதவும் வேண்டாம், ஜன்னலும் வேண்டாம் என்றாள் அவள். முழுச் சுவராக எழுப்பச் சொன்னாள். வாசல் கம்பெனியைப் பார்த்து இருக்கட்டும், காலையும் மாலையும் யூனிபாரம் போட்டவர்கள் கேட்டுக்குள் போய் வருவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே படிக்கட்டும். கடலைப் பார்க்கிறவன் கடலுக்குப் போகிறான், கம்பெனியைப் பார்க்கிறவன் கம்பெனிக்குப் போவான். அவள் கணக்கு அவ்வளவுதான்.

ஊர்த் தலைவர் வயசாளி. அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"கடலுக்கு முதுக காட்டினு நம்மாளுங்க எதையும் கட்னதில்லம்மா. வேணாம்."

"கடல் எனக்கு முதுக காட்டிச்சே, தலைவரே."

பிள்ளையைப் பறிகொடுத்தவள் கேட்கிறாள். தலைவர் மணலைப் பார்த்தார். பின்னாலிருந்து ஒவ்வொரு பெண்ணாக, ஆமாம் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எல்லா வீட்டிலும் ஒரு பயம் இருந்தது, அம்மா அதற்கு வாய் கொடுத்துவிட்டாள். நைனா எழுந்து தண்ணீர்ப் பக்கம் போய்விட்டார்.

இன்ஜினியர் அக்கா கொஞ்ச நேரம் வாதாடினார். காற்று வராது, இருட்டாக இருக்கும் என்றார். ஆனால் ஊர் என்ன கேட்கிறதோ அதைத்தான் கட்ட வேண்டும் என்பது அறக்கட்டளையின் கொள்கை. மேலிருந்து திணிக்கக் கூடாது. அந்தக் கொள்கை நல்ல கொள்கை, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஜனங்களுக்கு எது நல்லது என்று ஜனங்களையே கேட்டார்கள். ஜனங்கள் எந்தப் பக்கத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களைச் சொல்ல வேண்டுமென்றால், கடலில் காற்று ஒரு விரல் திரும்பினாலும் வலையை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். கரையில் ஒரு கட்டடம் கட்டும்போது காற்றைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

கட்டடம் எழுந்த மாதங்கள் சந்தோஷமானவை. அனல்மின் நிலையத்துச் சாம்பலில் செய்த கல் வந்து இறங்கியது, செங்கல்லை விட லேசு. சூளையில் சுடாத கல், மண்ணுக்கும் மரத்துக்கும் கேடு இல்லாதது என்று அக்கா பெருமையாகச் சொல்வார். குப்பமே கல் சுமந்தது. அம்மா மார்க்கெட் போய் வந்த கையோடு, கூடையைக் கழுவி, அதிலேயே கல்லை அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடப்பாள். கடல் பக்கத்துச் சுவருக்கு அவளே கல் எடுத்துக் கொடுத்தாள். அந்தச் சுவரில் கதவும் ஜன்னலும் வர வேண்டிய இடங்களுக்கு மேலே அக்கா விட்டம் போட்டுவைத்தார். பின்னால் மனசு மாறினால் அடைத்த கல்லை மட்டும் எடுத்துவிடலாம் என்று மேஸ்திரியிடம் சொன்னதை நான் கேட்டேன். அம்மாவும் கேட்டாள். மனசு மாறாது என்றாள்.

அந்த மாதங்களில்தான் ஒருநாள் காலையில் கம்பெனி மதிலோரம் காக்கைகள் செத்துக் கிடந்தன. நாங்கள் வேடிக்கை பார்க்கப் போனோம். இரண்டொரு காக்கை அல்ல, சாக்கு நிறைய அள்ளினார்கள். மாமாவைக் கேட்டதற்கு, எவனோ எலிமருந்து வைத்திருக்கிறான் என்றார். சொல்லிவிட்டு இருமினார்.

திறப்பு விழாவுக்குக் கம்பெனிக்காரர்களும் வந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். நீல நிறம், ஜிப் வைத்தது. எனக்கு அது வரைக்கும் ஜிப் வைத்த எதுவும் சொந்தமாக இருந்ததில்லை. அவர்களில் ஒருவர் எங்களுக்குப் புத்திமதியும் சொன்னார். எப்போதாவது கம்பெனிச் சங்கு விட்டு விட்டு ஊதினால் யாரும் வெளியே ஓடக் கூடாது, எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும். டீச்சர் அதைக் கரும்பலகையின் மேல் மூலையில் எழுதி வைத்தார். அழிக்காமல் வெகுநாள் இருந்தது. அன்றைக்கு அம்மா முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. தம்பியை முதல் வகுப்பில் சேர்த்தாள்.

உள்ளே கொஞ்சம் இருட்டுதான். ஓட்டைக்கல் வழியாக வரும் வெளிச்சம் தரையில் பொட்டுப் பொட்டாக விழும். ஒரே பெரிய அறை. சின்ன வகுப்புகள் ஒரு பக்கம், எங்கள் நாலாம் வகுப்பு ஒரு பக்கம். தம்பிக்கு முதலில் இடம் கிடைத்தது கடல் பக்கத்துச் சுவரோரம். கடல் தெரியாது. ஆனால் சாம்பல் கல்லுக்குச் சத்தத்தை மறைக்கத் தெரியாதே. அவன் சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒருநாள் மத்தியானம் என் பக்கம் நகர்ந்து வந்து காதில் சொன்னான்.

"அக்கா, நைனா போட்டு வந்துகினு கீது. இன்ஜின் இருமுது பாரு."

வீட்டுக்குப் போனால் நைனா உண்மையாகவே வந்திருந்தார். அதற்குப் பிறகு அவன் எல்லா போட்டையும் சொல்ல ஆரம்பித்தான். இது தலைவர் வீட்டு போட்டு, இது கோயில் தெருக்காரருடையது. பார்க்காமலே சொல்வான், தப்பாது. டீச்சர் இதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் மார்க்கெட்டுக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்து, பிள்ளையை அந்தப் பக்கம் மாற்றுங்கள் என்றாள். எந்தப் பக்கம் என்று டீச்சர் கேட்டார். ஓட்டைக்கல் சுவரைக் காட்டினாள். அங்கே உட்கார்ந்தால் லாரிச் சத்தத்தில் கடல் கேட்காது. கம்பெனி வாசலும் தெரியும்.

தம்பி புதுப் பையை எடுத்துக்கொண்டு இடம் மாறினான். அழவில்லை. அவன் சுலபமாக அழுகிற பிள்ளை இல்லை.

அடுத்த கச்சான் பருவத்தில் நடந்தது. கச்சான் என்றால் உங்களுக்குத் தெரியும், தென்மேற்கிலிருந்து தரைமேல் வந்து கடலுக்குள் இறங்கும் காற்று. கோடை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில் அது பிடித்துக்கொண்டது. ஒரு காலை, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தோம். சங்கு ஊதவில்லை. முதலில் கண்தான் எரிந்தது. வழக்கம்போல எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாய்ப்பாட்டைத் தொடர்ந்தோம். பிறகு ஓட்டைக்கல்லில் வெளிச்சம் மங்கியது. வெளியே வெள்ளையாக ஏதோ தரையோடு தரையாக ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தது. லாரிகள் நின்றுவிட்டன. அந்த ரோட்டில் சத்தம் நின்று நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

டீச்சர் பயப்படவில்லை என்றே சொல்ல வேண்டும். அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைச் செய்தார். கதவைச் சாத்தினார், எல்லோரையும் உட்காரச் சொன்னார், பாவாடையைத் தண்ணீரில் நனைத்து முகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் கதவைச் சாத்தி என்ன செய்ய, சுவரிலேயே ஓட்டை இருக்கிறது. அது உள்ளே வந்தது. வந்தது வெளியே போக வழி இல்லை. நாங்கள் வெளியே போகவும் இருந்த ஒரே கதவு அது வந்த பக்கம்தான். டீச்சர் ஒரு முறை கதவைத் திறந்தார், திறந்த வேகத்தில் சாத்தினார், அதற்கப்புறம் அவரால் பேச முடியவில்லை.

பிள்ளைகள் எல்லோரும் எதிர்ச் சுவருக்கு, கடல் பக்கத்துச் சுவருக்கு ஓடிவந்து ஒட்டிக்கொண்டார்கள். நான் தம்பியைத் தேடினேன். அவன் ஓட்டைக்கல் சுவரோரம் தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தான், பையை மடியில் வைத்துக்கொண்டு. எழுந்திருக்க முடியவில்லை போல. மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தேன். அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான். சத்தமே வரவில்லை. எனக்கும் தொண்டையில் நெருப்பு. சுவரைக் கையால் அறைந்தோம். எங்களுக்கு அந்தப் பக்கம், கல் அகலத்துக்கு அந்தப் பக்கம், கடல் இரைந்துகொண்டிருந்தது.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஆண்கள் எங்கள் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள். முன்பக்கம் ஓடிப் பார்த்து, நெருங்க முடியாமல் திரும்பியிருக்கிறார்கள். அம்மா அப்போது கரையில் மீன் எடுக்க நின்றிருந்தாள். பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் யாரையும் கூப்பிடவில்லை, கத்தவில்லை. கடலரிப்புக்குக் கொட்டியிருந்த கருங்கல்லில் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து சுவரில் எறிந்தாள். முழுச் சுவரில் எங்கே அடைத்த கல் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், எடுத்துக் கொடுத்தவள் அவள்தானே. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் எறிந்தாள். பிறகு நைனாவும் மற்றவர்களும் கடப்பாரையோடு வந்தார்கள்.

உள்ளே எங்களுக்கு இடி இடிப்பது போலக் கேட்டது. பின்பு என் தலைக்குப் பக்கத்தில் ஒரு கல் உள்பக்கமாக விழுந்தது. ஓட்டை வழியாக அம்மாவின் கை தெரிந்தது, புறங்கை முழுக்க ரத்தம். கற்கள் சரிந்தன. வெளிச்சம் வந்தது. அந்த அறையிலிருந்து அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கடலைப் பார்த்தோம். நான் தம்பியை அந்த வழியாகத் தள்ளினேன், நைனா வாங்கிக்கொண்டார். தெற்குப் பக்கமாக, காற்றுக்குக் குறுக்கே ஓடுங்கள் என்று தலைவர் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு யாரும் சாகவில்லை. பெரியாஸ்பத்திரியில் வரிசையாகப் படுக்க வைத்தார்கள். எங்களில் பலருக்குக் கொஞ்ச நாளில் சரியாகிவிட்டது. தம்பிக்கு ஆகவில்லை. அவன்தான் ஓட்டைக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்தவன். நெஞ்சு உள்ளுக்குள் வெந்துபோயிருக்கிறது என்றார் டாக்டர். அம்மா அதை இரண்டாவது முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

கம்பெனி ஆட்கள் பிஸ்கட்டும் ஆப்பிளும் கொண்டுவந்தார்கள். அது தங்கள் டாங்கியிலிருந்து வந்ததல்ல, பக்கத்தில் எத்தனையோ கம்பெனி இருக்கிறது என்றார்கள். மாமா மறுநாளும் வேலைக்குப் போனார். போகாமல் என்ன செய்வார் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அப்போது அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காக்கிச் சட்டையை அம்மா பிறகு துவைக்கவில்லை.

இன்ஜினியர் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார். தம்பி கட்டிலுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். கூட்டத்தில் தான் சொன்னதையெல்லாம் ஞாபகப்படுத்துவார் என்று பயந்தேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

"நான் ஒத்துக்கிட்டிருக்கக் கூடாதும்மா" என்றார். "முடியாதுன்னு சொல்லியிருக்கணும்."

அம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"நா கேட்டேன். நீ குடுத்த. உன்மேல இன்னா கீது?"

அவ்வளவுதான் பேசினார்கள். அக்கா கொஞ்ச நாள் வந்துகொண்டிருந்தார். அறக்கட்டளை அந்தக் கட்டடத்தில் பள்ளிக்கூடம் நடத்த முடியாது என்று முடிவு செய்தது. பணம் வேறு எங்கோ, எங்களைப் போன்ற வேறு யாருக்கோ போனது. தகட்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மழைத்தொட்டியில் சிலகாலம் ஆமைக்குஞ்சு விட்டு விளையாடினோம். பிறகு கடல் மேலேறி மேலேறிக் கட்டடத்தையே எடுத்துக்கொண்டது. நான் ரோட்டைக் கடந்து கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அந்த நீலப் பை எங்கே போனதென்று தெரியவில்லை. வீட்டில் யாரும் அதைத் தேடவும் இல்லை.

தம்பி இருக்கிறான். மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குவான், சட்டைப்பையில் மருந்துக் குழாய் இருக்கும், செல்போன் பழுதுபார்க்கும் கடையில் உட்கார்ந்து வேலை. போட்டைத் தள்ளவோ வலையை இழுக்கவோ அவனால் ஒருநாளும் முடிந்ததில்லை. அவன் கடலுக்குப் போகவில்லை. அம்மா கேட்டது முழுசாக நடந்தது. அதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இல்லை, அவளுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது டாக்டர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். புகை, தூசி, வாடை எதுவும் இல்லாத காற்றில் பிள்ளையை உட்கார வையுங்கள், தினமும் மூச்சை நன்றாக இழுத்து விடப் பழக்குங்கள் என்று. நம் பக்கத்தில் அப்படி ஒரு காற்றுக்கு எங்கே போவது? எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து கரைக்கு வரும் காற்று. அது எந்த மதிலையும் தாண்டி வராது, எதையும் தொட்டுக்கொண்டு வராது.

அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்ததும் குடிசையின் கடல் பக்கத்து வாசலில் தைத்திருந்த சாக்கை அரிவாள்மணையால் அறுத்தாள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அவன் தூக்கும் வயதைத் தாண்டியிருந்தான், ஆனால் இறகு மாதிரி ஆகியிருந்தான். அலை வந்து கால் நனைக்கிற இடம் வரைக்கும் போய் உட்கார்ந்து, அவனைத் தன் மடியில், கடலைப் பார்த்த மாதிரி வைத்துக்கொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். போட்டுகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. தம்பி பழக்கத்தில் தலையைத் தாழ்த்தி மணலைப் பார்த்தான். கடலைப் பார்த்தால் அம்மாவுக்குப் பிடிக்காது என்பது அவனுக்குத் தெரியுமே.

அம்மா அவன் மோவாயைப் பிடித்து மேலே தூக்கினாள்.

"கீழ பாக்காதடா. கடல பாரு. கடல பாத்துகினே மூச்ச இழு."